நாற்பத்தேழாம் தூணில் ஒரு வாக்கு

நடைபாதையில் வாழ்கிறவர்களிடம் ஒன்பது வருடமாக நான் அதிகம் சொன்ன வாசகம் ஒன்றே ஒன்றுதான்: "நாளைக்கு வர்றேன்." இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. சொல்லும்போது வரவேண்டும் என்றுதான் நினைப்பேன். மறுநாள் மீட்டிங் வந்துவிடும், மழை வந்துவிடும், இல்லையென்றால் மச்சினன் வந்துவிடுவான். நான் மட்டும் வரமாட்டேன்.

என் பெயர் ஜெபராஜ். 'நிழற்குடை அறக்கட்டளை'யில் களப்பணியாளன். மேம்பாலத்தடியிலும் நடைபாதையிலும் இருப்பவர்களிடம் போய்ப் பேசி, அவர்களுக்குச் சம்மதம் இருந்தால் காப்பகத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ அழைத்துப்போவது என் வேலை. சம்மதம் இருந்தால் என்பதை இரண்டு முறை படித்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். அதனால் இன்றைக்கும் எங்கள் வேனைக் கண்டால் பாதிப் பேர் எழுந்து சாலையைக் கடந்துவிடுவார்கள். சிக்னல் என்ன நிறம் என்றுகூடப் பார்ப்பதில்லை.

இந்த அவநம்பிக்கைக்கு மருந்தாகத்தான் நேசன் வந்தது. நேசன் ஒரு இயந்திரம். நின்றால் என் தோள் உயரம், நுனியில் சக்கரம் வைத்த நான்கு கால்கள், தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பச்சை விளக்கு. யாரிடமாவது பேசப் போனால் முதலில் அனுமதி கேட்கும். கொடுத்தால் கால்களை மடக்கி உட்காரும். எதிரில் இருப்பவரைவிடத் தாழ்வாகத்தான் உட்கார வேண்டும் என்பது அதற்கு விதி. எங்கள் இயக்குநர் ஹேமலதா மேடம் அதை எனக்கு அறிமுகப்படுத்தியபோது, புது மருமகளைக் காட்டுவதுபோலப் பூரிப்பாக இருந்தார்.

"இதுல முக்கியமான விஷயம் வாக்குப் பூட்டு, ஜெபராஜ்."

"பூட்டுன்னா என்ன மேடம்?"

"ஒருத்தருக்கு இது வாக்குக் குடுத்துட்டா அவ்ளோதான். நான் சொன்னாலும் மாத்தாது. செஞ்ச இன்ஜினியரே வந்து சொன்னாலும் மாத்தாது. யாருக்குக் குடுத்துச்சோ அவங்க மட்டும்தான் விடுவிக்க முடியும்."

"அவ்ளோ கறாரா எதுக்கு மேடம்?"

"நம்ம மேல தெரு ஜனங்களுக்கு நம்பிக்கை போயிடுச்சுன்னு சர்வேல வந்திருக்கு. யாரோ தொடர்ந்து நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போகாமலே இருந்திருக்காங்க."

நான் மின்விசிறியைப் பார்த்தேன். நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

நேசனுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. அது பொய் சொல்லாது. அது மட்டும் என்றால் தொலைகிறது என்று விட்டிருப்பேன். கூட வருகிறவன் தப்பாக ஏதாவது சொன்னாலும் அங்கேயே, அப்போதே, எல்லார் முன்னாலும் திருத்தும். அதனோடு ஊர் சுற்றுவது, மனசாட்சியைக் கையில் பிடித்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போவதுபோல இருந்தது.

வியாசர்பாடிப் பக்கம் ஒரு மேம்பாலம். அதன் நாற்பத்தேழாம் தூணடியில் தனபாக்கியம் அம்மாள் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவரைப் பற்றிய கோப்பை நான்கு வருடத்துக்கு முன் நான்தான் எழுதினேன்: 'குப்பை சேர்க்கும் மனநோய். பதினான்கு மூட்டைகள். ஒன்றையும் விட மறுக்கிறார்.' எழுதிவிட்டு, நல்ல வேலை செய்த திருப்தியோடு டீ குடித்ததும் நினைவிருக்கிறது.

அன்று நானும் நேசனும் போனபோது அவர் இடது காலைப் பழைய துணியால் சுற்றிவைத்திருந்தார். துணியைச் சுற்றி ஈ மொய்த்தது. சர்க்கரைப் புண்.

"இன்னா சார், நாளைக்கி வர்றேன்னு போனவன் பொங்கலுக்கு அப்புறம் இப்போதான் வர்ற. இது இன்னா, பீரோவ இட்டுனு வந்துகீற?"

"அம்மா, வணக்கம். என் பெயர் நேசன். உங்கள் அருகில் உட்காரலாமா?" என்றது நேசன்.

அவர் அதை மேலும் கீழும் பார்த்தார். "குந்து. யார் கேட்டுட்டுக் குந்துறாங்க இந்தக் காலத்துல."

நேசன் உட்கார்ந்தது. காலைப் பார்க்கலாமா என்று கேட்டது. பார்த்தது. அப்புறம் எந்த நெளிவும் சுளிவும் இல்லாமல் சொன்னது: "ஐந்து நாட்களுக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் இந்தப் பாதத்தை எடுக்க வேண்டிவரலாம். உயிருக்கும் ஆபத்து. ஆஸ்பத்திரிக்கு வர உங்களுக்கு விருப்பமா?"

"வரமாட்டேன்."

"சரி அம்மா. காரணம் கேட்கலாமா?"

"கால் போனா ஒண்ணுதான் போவும். நான் எயிந்து போனா இதுங்க பதினாலும் போவும்." அவர் முதுகுக்குப் பின்னால் அடுக்கியிருந்த மூட்டைகளைக் கையால் காட்டினார்.

நான் நேசனின் விளக்குப் பக்கம் குனிந்து, மனநோய் என்று முணுமுணுத்தேன். நேசன் என்னைக் கண்டுகொள்ளவில்லை. "இந்த மூட்டைகளைப் பற்றிக் கேட்கலாமா?" என்றது அவரிடம்.

ஒன்பது வருடத்தில் இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை.

"தோ, இது மஸ்தானுது. கோயம்பேட்டுல லோடு தூக்கப் போய்க்கீறான். இது கோமளாவுது, ஓட்டல்ல பாத்திரம் கயுவுறா. இந்தப் பச்சை முடிச்சு வாட்ச்மேன் பெரியவருது. உள்ள யூனிபாரம் கீது, இஸ்திரி போட்டு மடிச்சு வெச்சிக்கீறாரு, அதான் மேல எதையும் வெக்கமாட்டேன்." ஒவ்வொன்றையும் தொட்டுச் சொல்லிக்கொண்டே போனார். ஆதார் அட்டை, மாத்திரை, கல்யாண போட்டோ, ஒருத்தியின் செத்துப்போன குழந்தையின் சட்டை. "வேலைக்குப் போறவன் மூட்டையத் தூக்கிக்கினா போவான்? மொதலாளி உள்ள வுடுவானா? இங்கியே வெச்சிட்டுப் போனா சாய்ங்காலம் இருக்குமா? அதான் நான் குந்திக்கீறேன். உங்க காப்பகத்துல ஆளுக்கு ஒரு பைதான்றீங்க. நான் அங்க போனா இந்தப் பதினாலு பேரும் வேலைய வுட்டுட்டு மூட்டைக்குக் காவல் குந்தணும்."

நான் மனநோய் என்று எழுதியது ஒரு பாதுகாப்புப் பெட்டக அறையை. எனக்கு வெட்கமாக இருந்தது. சட்டையில் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

"யாராவது இந்த எடத்தப் பாத்துக்கினா நான் வர்றேன். நான் இன்னா, கால் போவணும்னு வேண்டிக்கினா கீறேன்?"

"நான் பாத்துக்கறேன்மா. நீங்க கவலையே படாதீங்க" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது.

"திருத்தம்" என்றது நேசன். "ஜெபராஜ் அவர்கள் இந்த மாதம் நாற்பத்தொரு வாக்குகள் கொடுத்திருக்கிறார். நிறைவேறியவை ஆறு. அவற்றில் நான்கு, டீ வாங்கித் தருவது தொடர்பானவை."

தனபாக்கியம் அம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தூணில் படுத்திருந்த நாய் எழுந்து உட்கார்ந்தது. "இந்த டப்பாவுக்கு இன்னா வாயி பாரு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு நேசனை உற்றுப் பார்த்தார். "நீ பாத்துப்பியா?"

பச்சை விளக்கு மஞ்சளானது. ஏழு மாதத்தில் அது மொத்தமே மூன்று வாக்குகள்தான் கொடுத்திருந்தது.

"நீங்கள் திரும்பி வரும்வரை இந்த இடத்தையும் பதினான்கு மூட்டைகளையும் காப்பேன். இது வாக்கு." உள்ளே எங்கேயோ 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"நான் திரும்பி வந்துட்டேன்னு யாரு சொல்லணும்?"

"நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

"இவன் சொன்னா?"

"செல்லாது."

"இவங்க மேடம் சொன்னா?"

"செல்லாது அம்மா."

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அப்புறம் அரைமணி நேரம் நேசனுக்குப் பாடம் நடந்தது. எந்த முடிச்சு யாருடையது, யார் மாத்திரை எடுக்க மத்தியானம் வருவார்கள், குடித்திருந்தால் யாரிடம் கொடுக்கக் கூடாது. "வந்து கேட்டவொடனே குடுத்துராத. மொதல்ல மூஞ்சப் பாரு." வேனில் ஏற மாட்டேன் என்று ஆட்டோவில்தான் வந்தார். ஆட்டோ திரும்பும்வரை பின்பக்கக் கண்ணாடி வழியாக நேசனையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று மாலையே மேடம் போன் செய்தார்.

"வியாழக்கிழமை வெளியூர்லேருந்து விருந்தாளிங்க வர்றாங்க, நேசனைப் பாக்கணுமாம். ஆபீஸுக்குக் கொண்டு வந்துடுங்க."

"அது வராது மேடம்."

"ஏன், ரிப்பேரா?"

"வாக்குக் குடுத்திருக்கு மேடம்."

"வாக்கா?" என்று மேடம் மூன்று முறை கேட்டார். பெருமையாகச் சொன்ன பூட்டு தன் வீட்டுக் கதவிலேயே விழுந்துவிட்டது என்று புரிய அவ்வளவு நேரம் ஆயிற்று.

மேடம் லேசுப்பட்டவர் இல்லை. கிடங்கில் இருந்த இரண்டாவது இயந்திரத்தை அனுப்பிவைத்தார், முதல் இயந்திரத்திடம் பேசி அழைத்துவரச் சொல்லி. நான் தூணோரம் நின்று அந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் பார்த்தேன். மூட்டை எடுக்க வந்த மஸ்தானும் என் பக்கத்தில் நின்றார்.

"வணக்கம். என் பெயர் நேசன் இரண்டு. உங்கள் அருகில் உட்காரலாமா?"

"உட்காரலாம்" என்றது நேசன்.

இரண்டாவது உட்கார்ந்தது. எதிரில் இருப்பவரைவிடத் தாழ்வாக இருக்க வேண்டுமே, அதனால் இன்னும் ஒரு சாண் இறங்கியது. அதைக் கண்ட நேசனும், விதிப்படி, ஒரு சாண் இறங்கியது. இரண்டாவது மறுபடி இறங்கியது. நேசனும் இறங்கியது. ஐந்து நிமிடத்தில் இரண்டின் வயிறும் தரையில் முட்டி, சக்கரங்கள் நான்கு பக்கமும் பிதுங்கிக்கொண்டன.

"மன்னிக்கவும். இதற்குமேல் தாழ முடியவில்லை."

"எனக்கும் அதே நிலைதான். மன்னிக்கவும்."

"இன்னா சார் இதுங்க, சம்பந்தி வூட்டுக்காரங்க மாரி!" என்றார் மஸ்தான்.

தரையில் கிடந்தபடியே இரண்டாவது தன் கடமையைச் செய்தது. "காப்பகத்தில் உங்களுக்குப் படுக்கை இருக்கிறது. வர விருப்பமா?"

"நன்றி. இந்த மூட்டைகளை விட்டு வர இயலாது."

"உங்கள் முடிவை மதிக்கிறேன். நாளை மீண்டும் வரலாமா?"

"வரலாம்."

நானும் மஸ்தானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இரண்டாவதைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. அது ஆபீஸுக்குப் போய் ஒழுங்காக அறிக்கை கொடுத்தது. பழைய கோப்புகளைப் படித்துத்தான் அதற்கு எழுதப் பழக்கியிருந்தார்கள். அறிக்கையில் இப்படி இருந்தது: 'பெயர்: நேசன். குப்பை சேர்க்கும் மனநோய். பதினான்கு மூட்டைகள். ஒன்றையும் விட மறுக்கிறார்.' மேடம் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன், ஆனால் அது என் வாக்கியம்.

சிரிக்க முடியாத விஷயம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. பாலத்தடியைச் சுத்தப்படுத்தும் ஒப்பந்தக்காரரின் லாரி. தூண் தூணாக வந்தார்கள். ஆட்களைத் துரத்திவிட்டு, பாய், பாத்திரம், மூட்டை என்று எது கிடந்தாலும் லாரியில் எறிந்தார்கள். நான் ஓடிப்போய் அடையாள அட்டையைக் காட்டினேன். "ஓரமா நில்லு சார்" என்றார்கள். நின்றேன். நாற்பத்தாறாம் தூண் முடிந்தது. ஆஸ்பத்திரியில் அந்த அம்மாளிடம் என்ன சொல்வேன் என்று யோசித்தேன்.

"ஐயா, வணக்கம்" என்றது நேசன், சூப்பர்வைசரிடம். "இவை என் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டவை. நீங்கள் எடுக்க என்னால் அனுமதி தர இயலாது."

சூப்பர்வைசர் அதைச் சுற்றி வந்தார். முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை விரல் வைத்துப் படித்தார்: 'அரசு உதவித் திட்டச் சாதனம். அனுமதியின்றி நகர்த்துவது, இடையூறு செய்வது குற்றம்.' தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஏத்த முடியாதா சார்?" என்று லாரியிலிருந்து கேட்டார்கள்.

"மனுசங்களா இருந்தா எப்பவோ கெளப்பியிருப்பேன்டா. இது மிஷினு. லெட்டர் இல்லாம தொட்டா என் வேலை பூடும்."

லாரி நாற்பத்தெட்டுக்குப் போய்விட்டது. அப்பாடா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. முப்பது வருடமாக அங்கே வாழ்கிறவருக்கு இல்லாத உரிமை, ஏழு மாத இயந்திரத்துக்கு ஒரு ஸ்டிக்கரில் இருந்தது.

தெரு ஜனங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் மற்ற தூண்காரர்களும் லாரிக்குத் தப்பிய தங்கள் மூட்டைகளை நேசன் பக்கத்தில் கொண்டுவந்து அடுக்கிவிட்டார்கள். எண்ணிப் பார்த்தேன், பழைய பதினான்கையும் சேர்த்து நாற்பத்துமூன்று.

"என் வாக்கு பதினான்கு மூட்டைகளுக்கு மட்டுமே" என்றது நேசன். "மற்றவை என் அருகில் இருக்கின்றன. இருக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை."

ஆஸ்பத்திரியில் தனபாக்கியம் அம்மாளுக்கு இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். பாதம் பிழைத்துவிட்டது. நான் தினமும் போனேன். உண்மையைச் சொல்கிறேன், முதல் சில நாட்கள் அன்பினால் போகவில்லை, நேசனின் கணக்குக்குப் பயந்துதான் போனேன். போனதும் அவர் காலைப் பற்றிப் பேசவே மாட்டார். "மூட்டை?" என்பார். போனில் நேசனைக் காட்டுவேன். பதினான்கு முடிச்சுகளையும் திரையில் பார்த்த பிறகுதான் கஞ்சி குடிப்பார். அப்படிப் பார்த்துப் பார்த்து, எனக்கும் பச்சை முடிச்சு யாருடையது என்று தெரிந்துவிட்டது. ஒரு மாதம் காப்பகத்தில் படுத்துப் புண்ணை ஆற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, சரி என்று ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டார். நான்கு வருடமாக நான் தலைகீழாக நின்று கேட்டும் வராத சரி.

பத்தொன்பதாம் நாள் டிஸ்சார்ஜ் ஆனார். காப்பகம் போகிற வழியில் தூணைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். ஆட்டோ நாற்பத்தேழை நெருங்கியதும் டிரைவர் முதுகில் தட்டினார்.

"இங்கியே நிறுத்துபா. டீக்கடையாண்ட."

தடியை ஊன்றி இறங்கி, டீக்கடைப் பெட்டிமேல் உட்கார்ந்தார். அவருடைய இடம் அங்கிருந்து பத்தடி. நாற்பத்துமூன்று மூட்டைகளையும் பார்த்தார். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் துடைத்துவிட்டதுபோலக் காலியாகக் கிடந்த தூண்களையும் பார்த்தார். லாரி வந்த கதையை நான் சொன்னேன்.

"இவன மட்டும் தொடல?"

"தொடலம்மா."

"இவன் ஆபீஸுக்குத் திரும்பிப் போய்ட்டான்னா?"

நான் காலித் தூண்களைக் கையால் காட்டினேன்.

நேசன் அவரைப் பார்த்துவிட்டது. விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டியது. "அம்மா, வணக்கம். உங்களைப் பார்த்ததில் மகிழ்ச்சி. நீங்கள் திரும்பி வந்துவிட்டீர்களா?"

தனபாக்கியம் அம்மாள் டீயை ஊதினார். ஒரு வாய் குடித்தார்.

"இன்னும் வரல."

"சரி அம்மா" என்றது நேசன்.

"அம்மா, இதோ உக்காந்திருக்கீங்களே!" என்றேன் நான்.

"டீ குடிக்க வந்தேன் சார். டீ குடிக்கக் கூடாதா?"

"அப்போ எப்பதான் வருவீங்க?"

"உங்க காப்பகத்துல மூட்டைக்குன்னு ஒரு ரூமு போடு. அலமாரியோட, பூட்டு சாவியோட. எங்காளுங்க எல்லாருதும் வெக்கிற மாரி. காவலுக்கு நானே குந்துறேன். அது என்னிக்கோ, அன்னிக்கி வர்றேன்."

"கண்டிப்பாம்மா, மேடம்கிட்ட சொல்லி நாளைக்கே—"

நானே நிறுத்திக்கொண்டேன். நேசனின் விளக்கு என் பக்கம் திரும்பியிருந்தது.

"ஜெபராஜ் அவர்களே, அது வாக்கு என்றால், உங்கள் பெயரில் பூட்ட என்னால் முடியும்."

"பூட்டினா என்ன ஆகும்?"

"தினமும் காலை ஏழு மணிக்கு உங்களுக்கு நினைவூட்டுவேன். இயக்குநருக்கும் நகல் போகும். அறை தயாராகும்வரை அல்லது அம்மா விடுவிக்கும்வரை நிறுத்த இயலாது. நீங்கள் வேலை மாறினாலும் நிறுத்த இயலாது."

ஒன்பது வருடத்தில் கொடுத்த வாக்குகள் எத்தனை ஆயிரம் இருக்கும் என்று தெரியாது. ஒன்றைக்கூட இப்படி யோசித்துக் கொடுத்ததில்லை. தனபாக்கியம் அம்மாள் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கட்டுப் போட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டு டீயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுத்திருந்தாலும் அவர் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். அதுதான் என்னைச் சுட்டது.

"பூட்டு" என்றேன்.

'டொக்.'

அப்போது என் போன் அடித்தது. ஹேமலதா மேடம். "ஜெபராஜ், அந்தம்மா டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்கன்னு சொன்னாங்க. திரும்பி வந்துட்டாங்களா? நேசனை எடுத்துட்டு வர வண்டி அனுப்பட்டுமா?"

பத்தடி தள்ளி நேசன் உட்கார்ந்திருந்தது. இவ்வளவு தூரத்தில் என் குரல் அதற்குத் துல்லியமாகக் கேட்கும். நான் எங்கே நின்று என்ன புளுகினாலும் அதற்குக் கேட்கும்.

"இன்னும் வரல மேடம்" என்றேன்.

சொல்லிவிட்டு, பழக்கதோஷம், தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். நேசன் எதையும் திருத்தவில்லை.